ஊட்டிக்கு கிளம்புறீங்களா? இ-பாஸ் முதல் மலைப்பாதை கியர் வரை... அம்பத்தூர், ஆவடி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

இன்ஸ்டாகிராமை திறந்தா போதும், வியட்நாம் ரீல்ஸா வந்து கொட்டுது. அதுலயும் 'தலாத்' மலை நகரத்துக்கு தனி ரசிகர் கூட்டமே இருக்கு. பைன் மரம், ஏரி, பூந்தோட்டம், பனி மூடின காலை. பார்த்துட்டு "அட, இது நம்ம ஊட்டி மாதிரியே இருக்கே"ன்னு நினைச்சீங்களா? நினைச்சது சரிதான். தலாத் பிரெஞ்சுக்காரங்க வெயிலுக்கு பயந்து உருவாக்கின ஊர். உயரம் சுமார் 1,500 மீட்டர். ஊட்டி பிரிட்டிஷ்காரங்க அதே காரணத்துக்காக உருவாக்கின ஊர். உயரம் 2,240 மீட்டர். அதாவது தலாத்தை விட நம்ம ஊட்டி இன்னும் மேல இருக்கு!

பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். அம்பத்தூர்ல ராத்திரி கிளம்பினா மறுநாள் மதியம் ஊட்டி. ஆனா இப்போ ஊட்டி போறது பத்து வருஷத்துக்கு முன்னாடி மாதிரி இல்லை. இ-பாஸ் இல்லாம சோதனைச் சாவடியில நிக்கிறவங்க, தண்ணி பாட்டிலை பறிகொடுக்கிறவங்க, மலை ரயில் டிக்கெட் கிடைக்காம திரும்புறவங்க, இறங்கும்போது பிரேக் பிடிக்காம தவிக்கிறவங்க... இவங்க எல்லாருக்கும் பிரச்னை மலையில ஆரம்பிக்கலை. வீட்டுல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு ஒண்ணொண்ணா பார்க்கலாம்.

எப்போ போகலாம்? எப்போ வேண்டாம்?

ஏப்ரல், மே மாதம்தான் ஊட்டியின் முதல் சீசன். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜா பூங்காவில் ரோஜா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். ஆயுத பூஜை லீவுல எஸ்டேட் கம்பெனிகள் மூடினதும் நம்ம ஏரியாவுல பாதிப் பேருக்கு ஊட்டி ஞாபகம் வருவதும் இந்த நேரத்துலதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு பருவமழை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் பேய் மழை பெய்யும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. இது குன்னூர், கோத்தகிரி பக்கத்தை பதம் பார்க்கும். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதனால ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருக்கும் நாள்ல "டிக்கெட் போட்டாச்சே"ன்னு கிளம்பாதீங்க. டிக்கெட் காசு போனா போகட்டும்.

பொங்கல் லீவு முடிஞ்ச பிறகு வரும் ஜனவரி கடைசி, பிப்ரவரி நாட்கள் பலருக்கு தெரியாத நல்ல நேரம். வானம் தெளிவா இருக்கும், கூட்டம் குறைவா இருக்கும். காலையில் தலைகுந்தா பக்கம் போனா புல்வெளி மேல உறைபனி உப்பு தூவின மாதிரி வெள்ளையா கிடக்கும். குளிர் மட்டும் எலும்பு வரைக்கும் போகும்.

எந்த மாதமா இருந்தாலும் ஒரு விதி பொருந்தும்: சனி, ஞாயிறை தவிர்த்துட்டு திங்கள் முதல் வியாழன் வரை போனா பாதி தலைவலி குறையும்.

இ-பாஸ்: யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதலில் கோடைக்கு மட்டும் என்று இருந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனுக்கு எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. ஊட்டிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000.

இ-பாஸ் தேவை: வெளி மாவட்டம், வெளி மாநிலத்தில் இருந்து வரும் கார், வேன், பைக், சுற்றுலா வாகனங்கள். டி.என். 13 நம்பர் போட்ட அம்பத்தூர் வண்டியா இருந்தாலும் சரி, டி.என். 12 நம்பர் போட்ட பூந்தமல்லி வண்டியா இருந்தாலும் சரி, கட்டாயம் எடுக்கணும்.

இ-பாஸ் தேவையில்லை: டி.என். 43 பதிவெண் கொண்ட நீலகிரி உள்ளூர் வாகனங்கள், அரசு பேருந்துகள், ரயிலில் வருபவர்கள். இதுதான் முக்கியமான பாயிண்ட். பாஸ் என்பது வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அரசு பஸ்ல ஏறி உட்கார்ந்தா இந்தக் கவலையே கிடையாது.

எப்படி எடுக்கிறது? தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் உங்க செல்போன் நம்பரை கொடுத்தா ஓ.டி.பி. வரும். அதை போட்டு உள்ளே போனதும் பெயர், முகவரி, வண்டி நம்பர், எத்தனை பேர், எந்த தேதி உள்ளே போறீங்க, எந்த தேதி திரும்புறீங்க, எங்க தங்குறீங்க, வண்டி எந்த வருஷ மாடல், எந்த எரிபொருள் என்று கேட்கும். எல்லாம் கொடுத்தா க்யூ.ஆர். கோடு உள்ள பாஸ் வந்துடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. கல்லாறு சோதனைச் சாவடி வரிசையில நிக்கும்போது சிக்னலை நம்பிட்டு இருக்க முடியாது.

ரொம்ப முக்கியம்: இ-பாஸ் முழுக்க இலவசம். "எடுத்துத் தர்றோம், 200 ரூபாய் அனுப்புங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எண்ணிக்கையும் விதிகளும் சீசனுக்கு சீசன் மாறுது. அதனால போன வருஷம் போன சித்தப்பா சொன்னதை வெச்சு முடிவு பண்ணாம, நீங்க கிளம்பும் வாரத்தில் ஒருமுறை இணையதளத்தை பார்த்துடுங்க.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

"காசு செலவு பண்ணி வர்றோம், வராதேன்னு சொன்னா எப்படி?"ன்னு கோபம் வரலாம். நியாயம்தான். ஆனா மறுபக்கமும் இருக்கு. சீசன் நேரத்தில் ஊட்டிக்குள் ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் நுழைகின்றன என்று அரசு தரப்பு நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊட்டியில் ரோட்டை அகலப்படுத்த இடம் இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ரெண்டாயிரம் வண்டி கூடுதலா வந்தா அந்த ஊர் பிள்ளைங்க ஸ்கூல் போக முடியாது, 108 ஆம்புலன்ஸ் நகர முடியாது, குடிநீருக்கும் திண்டாட்டம்.

நம்ம அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல சாயந்திரம் மாட்டிக்கிட்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். அந்த நெரிசலை அப்படியே தூக்கி மலை விளிம்புல வெச்சுப் பாருங்க. அதனாலதான் இந்த மலைகள் எத்தனை வண்டியை தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு ஐஐடி மெட்ராஸ், ஐஐஎம் பெங்களூருவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அம்பத்தூரில் இருந்து எப்படி போகலாம்?

1. ரயில்: நம்ம ஏரியாவுக்கு இதுதான் பெஸ்ட். சென்னை சென்ட்ரலில் இருந்து இரவு 9.05 மணிக்கு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) காலையில் மேட்டுப்பாளையம் போய் சேரும். அம்பத்தூர்ல நிக்காது. அதனால 7.30 மணிக்குள் அரக்கோணம் மார்க்கத்தில் வரும் மின்சார ரயிலை பிடிச்சு சென்ட்ரல் போயிடுங்க. மின்சார ரயில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் பக்கம் நிக்கும். அங்க இருந்து எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துக்கு மூட்டை முடிச்சோட நடக்க 10 நிமிஷம் ஒதுக்குங்க. இப்போ முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். சீசன் தேதின்னா முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்து போட்டாதான் உண்டு.

2. பகல் ரயில்: வந்தே பாரத் 6 மணி நேரத்துக்குள் கோவை போயிடும். ஆனா இரவுதான் சேரும் என்பதால் கோவையில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் மலை ஏறுவது நல்லது. ராத்திரியில் மலை ஏற வேண்டாம்.

3. பஸ்: அரசு விரைவுப் பேருந்தில் நேரா ஊட்டி போகலாம். டிக்கெட் போடும்போது எந்த இடத்தில் ஏறணும் என்பதை ரெண்டு தடவை பாருங்க. கிளாம்பாக்கம் என்றால் அம்பத்தூரில் இருந்து சென்னை பைபாஸ் வழியா போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளிக்கிழமை சாயந்திரம்னா இன்னும் கூட.

4. சொந்த கார்: பூந்தமல்லி, வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். இப்படி போனா கோவை நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். மொத்தம் சுமார் 550 கிலோமீட்டர். சாப்பாடு, ஓய்வு சேர்த்து 11, 12 மணி நேரம் வைங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா ஸ்டீயரிங் பிடிக்கிற பழக்கம் நம்ம எஸ்டேட் பக்கம் நிறைய பேருக்கு இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். 500 கிலோமீட்டர் ஓட்டின களைப்போட மலை ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி.

மலை ரயிலில் இடம் கிடைக்குமா?

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்கு கிளம்பும் மலை ரயில், நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும். 46 கிலோமீட்டர் போக கிட்டத்தட்ட 5 மணி நேரம்! ஏன் இவ்வளவு மெதுவா? கல்லாறில் இருந்து குன்னூர் வரை 12 அடி நகர்ந்தா 1 அடி ஏறும் அளவுக்கு செங்குத்து. சாதாரண ரயில்னா சக்கரம் வழுக்கிடும். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் கொண்ட இன்னொரு தண்டவாளம் இருக்கும். இன்ஜினில் உள்ள பல்சக்கரம் அதைப் பிடிச்சு பிடிச்சு மேல ஏறும். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயிலுக்கு 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது.

தலாத்திலும் இதே மாதிரி பல்சக்கர ரயில் ஓடியது. போரில் அந்தப் பாதை நின்று போனது. மிச்சமிருந்த இன்ஜின்களை 1990ல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அங்கே சுற்றுலாவுக்காக சுமார் 7 கிலோமீட்டர் மட்டும் ஒரு ரயில் ஓடுகிறது, அதுவும் பல்சக்கரம் இல்லாமல். நம்மகிட்ட முழுசா இருக்கு. ஆகவே இதை விட்டுடாதீங்க.

டிக்கெட் டிப்ஸ்: ஐ.ஆர்.சி.டி.சி.யில் மேட்டுப்பாளையம் டூ உதகமண்டலம் என்று தேடுங்க. "ஊட்டி" என்று தேடினா குழப்பம் வரும். ரயில்வேக்கு அது உதகமண்டலம்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து டிக்கெட் கிடைக்கலையா? குன்னூர் டூ ஊட்டி நடுவுல ஒரு நாளைக்கு பல முறை ரயில் ஓடுது. குழந்தைகளோட போறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பயணமே தாராளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிவால் திடீர்னு ரயிலை ரத்து செய்வாங்க. முந்தின நாள் செக் பண்ணிட்டு கிளம்புங்க. ரத்தானா மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஊட்டிக்கு அரசு பஸ் இருக்கு.

கார்ல போறவங்க கட்டாயம் படிக்க வேண்டியது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அதாவது 50 கிலோமீட்டர் தூரத்தில் 1,900 மீட்டர் இறங்கணும். சமவெளியில் ஓட்டிப் பழகின நமக்கு ஏறுவதுதான் கஷ்டம்னு தோணும். உண்மையில் ஆபத்து இறங்கும்போதுதான்.

ஏன்? இறக்கத்தில் வண்டி தானா வேகம் எடுக்கும். அதை தடுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் பேட் சூடாகும். சூடு ஏற ஏற பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் பிரேக் ஆயில் கொதிச்சு, பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்புறம் நம்ம கையில எதுவும் இல்லை.

2023 செப்டம்பர் 30 அன்று, ஊட்டி சுற்றிப் பார்த்துவிட்டு திரும்பிய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவர்களின் சுற்றுலாப் பேருந்து குன்னூர் அருகே மரப்பாலத்தில் பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் இறந்தார்கள். அவங்களும் நம்மை மாதிரி லீவுக்கு போனவங்கதான்.

சரி, என்ன செய்யணும்?

* எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பெரும்பாலும் ரெண்டாவது கியர், கொண்டை ஊசி வளைவில் முதல் கியர். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும்.

* ஆட்டோமேட்டிக் கார்னா 'டி'-யிலேயே விட்டுட்டு வராதீங்க. 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாத்தி 1, 2ல் வெச்சுக்கோங்க. வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாத்திப் பழகிட்டு கிளம்புங்க.

* பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடுறது, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்குறது ரெண்டுமே உயிருக்கு உலை. இன்ஜின் நின்னா பிரேக் கல்லு மாதிரி ஆகிடும், ஸ்டீயரிங்கும் இறுகிடும்.

* கருகின வாசனை வந்தா உடனே பாதுகாப்பான இடத்துல ஓரம் கட்டுங்க. அரை மணி நேரம் ஆற விடுங்க. சூடான சக்கரத்து மேல தண்ணி ஊத்தாதீங்க.

* ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை.

* கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிமானம் ரொம்ப குறைவு. நீண்ட இறக்கத்துக்கு அது ஏத்த வண்டி இல்லை.

* மூடுபனி இறங்கினா லோ பீம் மட்டும் போடுங்க. ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

* சீசன் நேரத்தில் ஒருவழிப் பாதை அறிவிப்பாங்க. வழக்கமா குன்னூர் வழியா ஏறணும், கோத்தகிரி வழியா இறங்கணும். கூகுள் மேப் வேற வழி காட்டினாலும் போலீஸ் காட்டும் வழியில போங்க.

கல்லட்டி பாதை வேண்டவே வேண்டாம்: ஊட்டியில் இருந்து மசினகுடி போக கூகுள் மேப் காட்டும் குறுக்கு வழி இது. 36 கொண்டை ஊசி வளைவுகள், பயங்கர செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து போன 7 நண்பர்களின் கார் இங்கே பள்ளத்தில் விழுந்தது. ரெண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தபோது 5 பேர் உயிரோடு இல்லை. அதன் பிறகு வெளியூர் வாகனங்கள் இந்த வழியில் இறங்க போலீஸ் தடை போட்டது. மசினகுடி, முதுமலை போகணும்னா கூடலூர் வழியா போங்க. தூரம் கூடும், ஆனா வீடு வந்து சேருவோம். முதுமலை, பந்திப்பூர் வழியா மைசூரு போகிறவர்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே போக்குவரத்து தடை இருப்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிளாஸ்டிக் பாட்டில் பையில இருக்கா? எடுத்து வெளியில வைங்க

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கு. தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் பை, கப், தட்டு எல்லாம் அடக்கம். சோதனைச் சாவடியில் பையை பார்ப்பாங்க, இருந்தா பறிமுதல், அபராதமும் உண்டு.

ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. வழியில் குடிநீர் ஏ.டி.எம்.கள் இருக்கு, நிரப்பிக்கலாம். புளியோதரை, தயிர் சாதம் கட்டிட்டு போறீங்களா? தூக்கு வாளியும் வாழை இலையும் போதும். நம்ம பாட்டிங்க அப்படித்தான் ஊர் ஊரா போனாங்க. இதை வெறும் விதின்னு பார்க்காதீங்க. இந்தக் காட்டுல யானை நடக்குது. நாம வீசிட்டு வர்ற உப்பு, எண்ணெய் ஒட்டின கவரை அது சாப்பாட்டோட சேர்த்து முழுங்கிடும்.

என்ன டிரஸ், என்ன மருந்து?

மே மாதத்திலேயே ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும். அம்பத்தூர்ல ஏ.சி.யை 18ல் வெச்சுட்டு போர்வை தேடுற நமக்கு இது எவ்வளவுன்னு யோசிங்க. ஒரே ஒரு தடிமன் ஸ்வெட்டரை விட டி-ஷர்ட், அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்து தடுக்கிற ஜெர்கின் என்று அடுக்கா போடுறது நல்லது. மதியம் வெயில் அடிச்சா ஒண்ணொண்ணா கழட்டிக்கலாம். குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் காது மூடுற குல்லா, சாக்ஸ் கட்டாயம். குளிருதேன்னு வெயிலை லேசா நினைக்காதீங்க, மலை மேல வெயில் சருமத்தை சீக்கிரம் கருக்கிடும்.

வளைவுல வாந்தி வருமா? ஏறுறதுக்கு முன்னாடி வயிறு முட்ட பரோட்டா வேண்டாம். ரெண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தை பாருங்க, செல்போனை பார்க்காதீங்க. மாத்திரை வேணும்னா டாக்டரை கேட்டு, மலை ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க இன்ஹேலரை பெட்டியில் வைக்காம சட்டைப் பையில் வைங்க. பி.பி., சுகர் மாத்திரையை போற நாட்களை விட ரெண்டு நாளுக்கு கூடுதலா எடுத்துக்கோங்க. மண் சரிவு ஏற்பட்டா திரும்புற நாள் தள்ளிப் போகலாம். அவசரத்துக்கு ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

ரூம் போடும்போது இந்த 5 கேள்வி கேளுங்க

1. வெந்நீர் எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை வரும்?
2. கார் நிறுத்த உள்ளேயே இடம் இருக்கா, ரோட்டு ஓரமா?
3. ரூமுக்கு எத்தனை படி ஏறணும்? (அம்மா, அப்பா மூட்டு வலியோட வந்தா இது ரொம்ப முக்கியம்.)
4. கூடுதல் போர்வைக்கும் ஹீட்டருக்கும் தனி காசா?
5. பஸ் ஸ்டாண்டில் இருந்து எவ்வளவு தூரம்?

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி மேப்பில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் பண்ணி உறுதி பண்ணுங்க. ஹோட்டல் பெயரில் போலி பேஜ் போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டு காணாம போற கும்பல்கள் சீசன்ல கிளம்பும். ஏமாந்துட்டீங்கன்னா தயங்காம 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. நம்பிக்கையான இடம் வேணும்னா தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் ஊட்டியில் இருக்கு, ஆன்லைனில் புக் பண்ணலாம்.

ஓட்டம் இல்லாத 3 நாள் பிளான்

முதல் நாள்: மலை ரயில்ல மதியம் ஊட்டி. சாப்பிட்டு ஓய்வு. சாயந்திரம் ஏரி. கோவை கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1820களில் உருவாக்கின செயற்கை ஏரி இது. அன்னைக்கு இதுவே போதும்.

ரெண்டாவது நாள்: காலையில் முதல் வேலையா தொட்டபெட்டா. 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. 10 மணிக்கு மேல் மேகம் மூடிடும், வண்டியும் குவிஞ்சிடும். இறங்கி வந்து தாவரவியல் பூங்கா. 1848ல் தொடங்கின 55 ஏக்கர் தோட்டம். உள்ளே 2 கோடி ஆண்டு பழமையான கல்மரம் இருக்கு, பலர் பார்க்காமலேயே வந்துடுறாங்க. மதியத்துக்கு மேல் பைக்காரா.

மூணாவது நாள்: ரூமை காலி பண்ணிட்டு குன்னூர். சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ். சாயந்திரத்துக்குள் பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். மறுநாள் காலையில் சென்ட்ரல், அப்புறம் அம்பத்தூர்.

ஊருக்குள்ள சுத்த சீசன்ல அரசு போக்குவரத்துக் கழகத்தின் சுற்றுப் பேருந்து ஓடும். ஒரே டிக்கெட்ல நாள் முழுக்க ஏறி இறங்கலாம். பார்க்கிங் தேடி ரெண்டு மணி நேரம் சுத்துறதை விட இது எவ்வளவோ மேல்.

யானை, காட்டெருமை வந்தா?

கல்லாறு, பர்லியாறு பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை சர்வ சாதாரணம். பார்த்ததும் வண்டியை தூரத்திலேயே நிறுத்துங்க. ஹார்ன் அடிக்காதீங்க, இறங்காதீங்க, செல்ஃபி எடுக்காதீங்க. குரங்குக்கு தீனி போடாதீங்க. இன்னைக்கு நீங்க போடுற ஒரு பிஸ்கெட்டுக்காக நாளைக்கு அது அடுத்த குழந்தை கையை பிடிச்சு இழுக்கும்.

என்ன வாங்கிட்டு வரலாம்?

ஊட்டி வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், நீலகிரி டீ, தைல எண்ணெய். டீத்தூளுக்கு அரசு கூட்டுறவு நிறுவனமான இண்ட்கோசர்வ் கடைகளை பார்க்கலாம். தைல எண்ணெய்யை ரோட்டோரத்தில் விலை மலிவுன்னு வாங்காம, சீல் வெச்ச பாட்டிலா பாருங்க. காசு இருந்தா ஒரு தோடர் பூ வேலைப்பாடு சால்வை வாங்குங்க. வெள்ளைத் துணியில் சிவப்பு, கருப்பு நூல். 2013ல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர் பெண்கள் கையாலேயே தைப்பது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ-பாஸ் எடுக்காம போயிட்டேன், என்ன பண்றது? 
சோதனைச் சாவடியில் நிறுத்துவாங்க. அன்னைக்கு எண்ணிக்கை மீதி இருந்தா செல்போன்லயே பதிவு பண்ணலாம். முடிஞ்சிருந்தா மேட்டுப்பாளையத்தில் வண்டியை பார்க்கிங்கில் விட்டுட்டு அரசு பஸ்ல ஏறுங்க.

கைக்குழந்தையோட போகலாமா? 
குழந்தை டாக்டரை கேட்டுட்டு போங்க. சளி, காது வலி இருக்கும்போது மட்டும் தள்ளிப் போடுங்க.

ஒரே நாளில் போயிட்டு வர முடியுமா? 
சென்னையில் இருந்து வேண்டாம். ரோட்டைத்தான் பார்ப்பீங்க, ஊட்டியை இல்லை.

கிளம்பும் முன் கடைசி செக் லிஸ்ட்

✔ இ-பாஸ் ஸ்கிரீன்ஷாட் (சொந்த வண்டின்னா)
✔ வானிலை எச்சரிக்கை பார்த்தாச்சு
✔ மலை ரயில் ஓடுதான்னு உறுதி பண்ணியாச்சு
✔ பிரேக், டயர், வைப்பர் மெக்கானிக்கிட்ட காட்டியாச்சு
✔ ஸ்டீல் பாட்டில், துணிப்பை
✔ மாத்திரை ரெண்டு நாள் கூடுதலா
✔ ரூமுக்கு நேரில் போன் பண்ணி பேசியாச்சு
✔ டிரைவர் முந்தின ராத்திரி நல்லா தூங்கியாச்சு

கடைசி பாயிண்டை மட்டும் ரெண்டு தடவை டிக் பண்ணுங்க. இந்தக் கட்டுரையை உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க, முக்கியமா வண்டி ஓட்டப் போறவருக்கு. ஊட்டி எங்கேயும் போயிடாது. ஒரு வாரம் தள்ளிப் போனாலும் அதே குளிரோட அங்கேயே இருக்கும். போனவங்க எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும், அதுதான் நல்ல டூர்.